கலங்கல் தாண்டிய சைக்கிள்

விழுப்புரம் கடையில் இருபத்தாறு வருஷம் நின்ற கால் இது. உட்கார்ந்து பேசச் சொன்னார்கள். உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது, அதனால் நின்றுகொண்டே சொல்கிறேன். திண்டிவனத்தில் கிளை திறக்கிறோம், ஆறு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள், வந்து நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் ஸ்டெல்லா என்று முதலாளி கூப்பிட்டார். நல்ல வார்த்தை என்னிடம் கம்மி. சைக்கிளை எப்படி விற்பது என்பதை இரண்டு மாதத்தில் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். செயின், பிரேக் விஷயமெல்லாம் மெக்கானிக் சொல்லிக்கொடுப்பார். நான் ஒரு சைக்கிளைத் தப்பாக விற்ற கதையைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்து ஒன்று. தெரியாமல் எத்தனையோ, அந்த மகராசர்கள் என்னைத் திட்டிக்கொண்டே இன்னும் மிதித்துக்கொண்டிருப்பார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்பு, ஐப்பசி மாதம். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரத்தில் ஒரு பெண் வந்தாள். முப்பத்திரண்டு வயது இருக்கும். பெயர் அஞ்சலை. பனமலைப் பக்கத்துக்காரி. அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் கொல்லையில் கூலி வேலை பார்த்து இவளைப் பிளஸ் டூ வரை படிக்கவைத்திருக்கிறார்கள். புருஷன் இறந்து இரண்டு வருஷம். இப்போது அவளுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்குப் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை. ஒரு மாதம் சோதனை, அதில் தேறினால்தான் நிரந்தரப் பட்டியலில் பெயர் வரும் என்றாள். பிறந்ததிலிருந்து மண்வெட்டி பிடிக்காமல் கிடைத்த முதல் வேலை என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

எல்லாரையும் கேட்கிற கேள்வியைத்தான் அவளையும் கேட்டேன். எங்கேம்மா ஓட்டப்போகிறாய்? அவள் ஒழுங்காகத்தான் பதில் சொன்னாள். எட்டு கிலோமீட்டர் தார் ரோடு, அப்புறம் ஏரிக்கரை, அதற்கப்புறம் மலையடியில் கொஞ்ச தூரம் கல்லும் முள்ளும். இந்த மூன்றில் என் காதில் விழுந்தது எது தெரியுமா? கல்லும் முள்ளும். நம் தொழிலில் இருக்கிற வியாதி இது. வந்தவர் சொல்வதில் எந்த வார்த்தை பெரிய வார்த்தையோ அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டு, அதற்கு ஏற்ற சைக்கிளைக் காட்டிவிடுவோம். மிச்சமெல்லாம் காற்றோடு போகும்.

நான் காட்டியது கடை வாசலில் நின்ற பெரிய மலைச் சைக்கிள். கை தடிமனுக்கு டயர், முன்னால் ஒரு ஸ்பிரிங், சீட்டுக்குக் கீழே ஒரு ஸ்பிரிங், கறுப்பும் சிவப்பும் பெயிண்ட். பார்த்தால் சிங்கம். இதுக்கு முன்னால கல்லு என்ன, மலையே வழிவிடும் என்று அளந்துவிட்டேன். வழக்கம்போலப் பிள்ளையார் கோயில் முனை வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அந்த ரோடு வழவழவென்று இருக்கும், அதில் கட்டிலைத் தள்ளினாலும் ஓடும். போய்விட்டு வந்தாள், நல்லா இருக்குதுக்கா என்றாள். சந்தனம், குங்குமம் வைத்து, முன் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். நான் திருப்தியாகப் போய்ச் சாப்பிட்டேன்.

பன்னிரண்டாவது நாள் அதே லோடு ஆட்டோ வாசலில் வந்து நின்றது. சிங்கம் படுத்திருந்தது. பக்கத்தில் அஞ்சலை.

அன்று சனிக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். கவுண்டரில் ஒரு அப்பா தன் மகனுக்கு அதே ரக சைக்கிளை முடிவு செய்து, பில் போடுங்க என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தார். அந்த நேரத்தில் இவள் உள்ளே வந்து, சத்தம் போடாமல், அழாமல் சொன்னாள். அழுதிருந்தால்கூட எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

"அக்கா, நீங்க குடுத்த சைக்கிள ஓட்ட முடியலக்கா. பாதி வழி தள்ளிக்கினுதான் போறேன். தினமும் பத்து வூடு பாக்க வேண்டியது, நாலு வூடு பாக்கறதுக்குள்ள பொழுது போயிடுது. வேல குடுத்த மேடம் சொல்லிட்டாங்க, மாசக் கடைசிக்குள்ள முழுசா முடிக்கலன்னா வேற ஆள வெச்சிப்பாங்களாம்."

முதலாளி கல்லாவில் இருந்தார். அவர் கண்ணைக் காட்டியது எனக்குத் தெரிந்தது. அந்த அப்பா காதில் விழாமல் இவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போ என்று அர்த்தம். பில்லிலேயே அச்சடித்திருக்கிறோம், விற்ற சைக்கிள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று. சட்டப்படி நம் பக்கம் ஒரு தப்பும் இல்லை. சீட்டைக் கொஞ்சம் ஏற்று, காற்று அடித்துப் பார், பழகினால் சரியாகிவிடும் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதுவரை இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

அப்போது அந்தப் பையனின் அப்பா திரும்பி, ஏம்மா, இந்த சைக்கிள்தானா அது என்று அவளைக் கேட்டார். அவள் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். என் வியாபாரத்தைக் கெடுக்கக் கூடாது என்று அவள் வாயை மூடிக்கொண்டது எனக்குப் புரிந்தது. வேலை போகப்போகிற பெண், என் கமிஷனைக் காப்பாற்றுகிறாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அந்த சைக்கிள்தாங்க, அவங்களுக்கு அத வித்தது என் தப்பு என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். உங்க பையன் எங்க ஓட்டப்போறான்னு கேட்டுட்டு அப்புறம் பில் போடறேன் என்றும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு வருகிறேன் என்று மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். நல்ல மனுஷன்தான், ஆனால் சனிக்கிழமை வியாபாரத்தில் கை வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது. கடைசியில், மாற்றிக்கொடுக்க வேண்டுமானால் கொடு, அந்தப் பழைய சைக்கிள் உன் தலையில்தான் விழும், சம்பளத்தில் பிடித்துக்கொள்வேன் என்றார். சரி என்றேன். வாயைக் கொடுத்தவள் நான்தானே.

இப்போது எதை மாற்றிக்கொடுப்பது? மெக்கானிக் உடனே ஒரு பந்தயச் சைக்கிளை எடுத்துக் காட்டினார், விரல் தடிமன் டயர், இறகு மாதிரி இருக்கும், தார் ரோட்டில் பறக்கும். கனமாக இருக்கிறது என்று வந்தவளுக்கு லேசானதைக் கொடுத்து அனுப்பு என்றார். எனக்கும் ஒரு நிமிஷம் அதுதான் சரி என்று பட்டது. கை அதன் மேல் போய்விட்டது. அப்புறம்தான் உறைத்தது, பன்னிரண்டு நாளைக்கு முன்பு செய்த அதே தப்பை மறுபக்கம் திருப்பிச் செய்யப்போகிறேன் என்று. அன்றைக்குக் கல்லும் முள்ளும் மட்டும் கேட்டது, இன்றைக்குத் தார் ரோடு மட்டும் கேட்கிறது. ஆழம் தெரியாமல் காலை விட்டது ஒரு தடவை போதும். இந்த முடிவைக் கடையில் நின்று எடுக்கக் கூடாது என்று நினைத்தேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, உன் வழியில் நானும் வருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. எனக்கு அப்போது வயது ஐம்பத்தாறு.

கடையில் பின்பக்கம், டியூப் பெட்டிகளுக்கு நடுவில், ஒரு சைக்கிள் எட்டு மாதமாக விலை போகாமல் நின்றது. டயர் தடியும் இல்லை, ஒல்லியும் இல்லை. ஸ்பிரிங் இல்லை. கியர் ஏழே ஏழு. நடுத்தண்டு தாழ்வாக வளைந்திருக்கும், புடவை கட்டினவளும் ஏறலாம். பின்னால் கேரியர். கம்பெனிக்காரர்கள் ஹைபிரிட் என்று பெயர் வைத்திருந்தார்கள். முதலாளி வைத்த பெயர் ரெண்டுங்கெட்டான். பையன்கள் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பெரியவர்கள் இதில் என்ன விசேஷம் என்று கேட்பார்கள், எங்களுக்குப் பதில் தெரியாது. மழைக்காலத்தில் அதன் மேல் ரெயின்கோட்டைக் காயப்போடுவோம். அதைத் தட்டித் துடைத்து லோடு ஆட்டோவில் ஏற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் அவள் ஊரிலிருந்து கிளம்பினோம். அவள் சிங்கத்தில், நான் ரெண்டுங்கெட்டானில். தார் ரோட்டில் நான் சும்மா மிதித்துக்கொண்டு போகிறேன், முப்பது வயதுக்காரி எனக்குப் பின்னால் வியர்த்து வழிந்துகொண்டு வருகிறாள். ஒவ்வொரு மிதிக்கும் அந்த ஸ்பிரிங் இரண்டும் பொதுக் பொதுக்கென்று அவள் பலத்தைத் தின்றுகொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஏரிக்கரையில் ஏறினோம். மண் பாதை, ஈரம், ஓரத்தில் வேல முள். ரெண்டுங்கெட்டான் அங்கேயும் சமாளித்தது. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆகட்டும், கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்புறம் கலங்கல் வந்தது. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற இடம். நல்ல மழை பெய்திருந்ததால் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கீழே பாசி. அஞ்சலை இறங்கினாள். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினாள். மெஷினும் மாத்திரையும் இருந்த பையைத் தலையில் வைத்தாள். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் சொருகிக்கொண்டு, அந்தச் சிங்கத்தை இரண்டு கையாலும் தூக்கினாள்.

அப்போதுதான் அவள் முழங்காலைப் பார்த்தேன். இரண்டு முழங்காலிலும் காயம். ஒன்று பழையது, காய்ந்துவிட்டது. ஒன்று முந்தாநாள் பட்டது.

"எத்தன தடவம்மா இப்பிடித் தூக்குவ?"

"இங்க ஒண்ணு, அப்பால வாய்க்கா ஒடப்பு ரெண்டு. போவச்சொல்ல மூணு, வரச்சொல்ல மூணு."

"அன்னிக்கே இத என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க எங்க ஓட்டுவேன்னு கேட்டீங்க, சொன்னேன். எங்க எறங்குவேன்னு கேக்கலியேக்கா."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நானும் ஒரு பெண், அப்போதே இருபத்திரண்டு வருஷம் கவுண்டரில் நின்றவள், ஆயிரம் பேரை எங்கே ஓட்டுவீர்கள் என்று கேட்டிருக்கிறேன். எங்கே இறங்குவீர்கள், எங்கே தூக்குவீர்கள் என்று ஒருத்தரைக்கூடக் கேட்டதில்லை. சைக்கிள் என்றால் மேலே உட்கார்ந்து போவது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்த பெண் ஸ்கூட்டியில் வந்தவளாம். ஸ்கூட்டி கலங்கலைத் தாண்டாது, அதனால் கலங்கலுக்கு அந்தப் பக்கம் இருந்த வீடுகளுக்கு அவள் போகவே இல்லை. அங்கே இருந்த கிழவர்கள் வருஷக்கணக்கில் பிரஷர் பார்க்காமல் கிடந்திருக்கிறார்கள். அஞ்சலையை வேலையிலிருந்து எடுத்துவிட்டு அடுத்து ஸ்கூட்டிக்காரி வந்தால் மறுபடியும் அதே கதைதான். இதையெல்லாம் அவள் சிங்கத்தைக் கீழே இறக்கிவிட்டுத் தண்ணீரில் நின்றபடியே சொன்னாள்.

சைக்கிளை மாற்றிக்கொள்வோம் என்றேன். அவள் ரெண்டுங்கெட்டானின் நடுத்தண்டைப் பிடித்தாள், ஒரு தூக்கு, தோளில் மாட்டினாள், ஒரு கையால் தலையில் இருந்த பையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று அந்தக் கரை ஏறிவிட்டாள். ஏறி நின்று திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு ஆச்சரியம். இந்தக் கரையில் நானும் சிங்கமும். நானும் தூக்கினேன். நாலு அடி வைத்தேன். ஐந்தாவது அடியில் பாசி வழுக்கி, சிங்கம் என் மேல் சாய, தொப்பென்று தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். அஞ்சலை ஓடிவந்து என்னைத் தூக்குவதற்குப் பதிலாக, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு நாள் கழித்து நான் இப்பதாங்கா சிரிக்கிறேன் என்றாள்.

மலையடிக் கல் பாதையில் எனக்கு ஒரு பயம் இருந்தது. ஸ்பிரிங் இல்லையே, டயர் தாங்குமா? ஒரு முப்பது அடி தூரம் அவளால் ஓட்ட முடியவில்லை, இறங்கித் தள்ளினாள். என் முகம் வாடியதைப் பார்த்து, இங்க எந்த சைக்கிளா இருந்தாலும் எறங்கித்தான் போவேன்கா, இங்க வூடு கிட்டகிட்ட இருக்குது, எறங்கினாத்தான் நாலு பேர்கிட்ட பேச முடியும் என்றாள். நான் பெரிதாக நினைத்துப் பயந்து, எதற்காக அவ்வளவு கனமான வண்டியைக் கொடுத்தேனோ, அந்த இடம் அவளுக்குத் தள்ளிக்கொண்டு போகிற இடம். எல்லா வழிக்கும் ஒரே சைக்கிள் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு, எந்த வழியிலும் முதல் பரிசு வாங்காத சைக்கிள்தான் சரியாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எல்லா இடத்திலும் பாஸ் ஆனால் போதும்.

அன்றைக்கே ரெண்டுங்கெட்டானை அவளிடம் விட்டுவிட்டு, சிங்கத்தை ஏற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு விழுப்புரம் வந்து சேர்ந்தேன். மடியில் அவள் அம்மா அவித்துக் கட்டிக்கொடுத்த மல்லாட்டைக் கடலை.

ஆனால் அதோடு முடியவில்லை. மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது, அவளுக்கு எண்பது வீட்டுக்கு மேல் பாக்கி. நான் தினமும் கவுண்டரில் நின்றபடி மனசுக்குள் கணக்குப் போடுவேன். இன்றைக்கு மழை பெய்ததே, போயிருப்பாளா? பஞ்சர் ஆகியிருக்குமா? போன் பண்ணலாம் என்றால் பயம். முடியலக்கா என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? வேறு யாருக்கோ வேலை போகிறது என்றால் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். இது நான் வாயால் அளந்து அவள் வழியில் போட்ட கல். இராத்திரி ஜெபம் பண்ணும்போது என் பிள்ளைகளுக்கு முன்னால் அவள் பெயர்தான் வந்தது.

கடைசி வாரத்தில் இன்னொரு இடி. அமாவாசை வருகிறது என்று காலண்டரில் பார்த்தேன். அமாவாசை என்றால் அந்தப் பக்கத்து ஜனம் பாதி மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விடும். வீடெல்லாம் பூட்டிக் கிடக்கும். ஒரு நாள் முழுசாக வீண். தாங்க முடியாமல் போன் போட்டேன். நாளைக்கு அமாவாசையாச்சேம்மா, வூடு பூட்டியிருக்குமே என்றேன்.

"அதான்கா காலைலயே பொறப்பட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போயிடுவேன். மலையனூர் பஸ்ஸுக்கு எல்லாரும் ஆறு மணிக்கே வந்து நிப்பாங்க. வரிசைல நிக்கச்சொல்லவே பிரஷர் பாத்துடுவேன். பழைய சைக்கிளா இருந்தா அந்நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. இதுல ஜல்தியா பூடலாம்."

அந்த மூளை எனக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். இருந்தும் பயம் விடவில்லை.

அடுத்த மாதம் முதல் தேதி, காலை பதினோரு மணி. ஒரு அம்மாவுக்கு அவர் பேத்திக்கான குட்டி சைக்கிளைக் காட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அஞ்சலை. எடுத்தேன். சொல்லும்மா, எதுவா இருந்தாலும் சொல்லு என்றேன்.

"அக்கா, பட்டியல்ல என் பேரு இருக்குதுக்கா."

பக்கத்தில் இருந்த டியூப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் வேலை நேரத்தில் நான் உட்கார்ந்தது அன்றைக்கு ஒரு நாள்தான். வயிற்றில் பால் வார்த்தாய் என்று சொல்ல நினைத்தேன், அழுகைதான் வந்தது. குட்டி சைக்கிள் வாங்க வந்த அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கேட்டு ஓடினார். துக்கம் இல்லைங்க, சந்தோஷம்தான் என்று நான் சொல்லியும் அவர் நம்பவில்லை. முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து விஷயத்தைக் கேட்டார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். அப்புறம், அந்த ரெண்டுங்கெட்டான்ல இன்னும் நாலு வரவழைக்கலாமா ஸ்டெல்லா என்றார். அன்றைக்கு யோசித்துவிட்டு வருகிறேன் என்று போன அப்பா, அந்த நாலில் ஒன்றைத்தான் மகனுக்கு வாங்கிக்கொண்டு போனார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன்.

அஞ்சலை இப்போதும் அதே சைக்கிளில்தான் போகிறாள். இரண்டு தடவை டயர் மாற்றியிருக்கிறாள், ஒரு தடவை செயின். போன மாதம் போனில் பேசும்போது, கலங்கலுக்கு அந்தப் பக்கம் ஒரு தாத்தா அந்த சைக்கிள் மணி கேட்டாலே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்துகொள்கிறார் என்றாள்.

சிங்கம் என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? முதலாளி சொன்ன சொல் தவறவில்லை, அது என் தலையில்தான் விழுந்தது. விற்றுவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். இன்னொருத்தர் முழங்காலில் அந்தக் காயத்தைப் பார்க்க மனசு வரவில்லை. இன்றைக்கு ஊர் எல்லை வரை லோடு ஆட்டோவில் கொண்டுவந்து, அங்கிருந்து இங்கே அதைத்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன், அதனால்தான் வரும்போது எனக்கு அப்படி மூச்சு வாங்கியது. வெளியே நிற்கிறது. நம் புதுக் கடை வாசலில் மூன்று படி இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். விளக்கு ஏற்றி, முதல் பில் போடுவதற்கு முன்னால், நீங்கள் ஆறு பேரும் ஒவ்வொருவராகப் போய், தலையில் ஒரு பையை வைத்துக்கொண்டு, அதைத் தூக்கி அந்தப் படி ஏறிவிட்டு வாருங்கள். போகும்போது மூன்று, வரும்போது மூன்று.